எலுமிச்சை பிழிய வேண்டிய இடம்

நெல்லிக்குப்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 31 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்து 10 மாதம் ஆகிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மங்கு எனப்படும் பழுப்புத் திட்டு படர்ந்தது. பிரசவத்திற்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்தாக உதிர்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அலுவலகத்திற்கு மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியபோது, பார்ப்பவர்கள் எல்லாரும் முகத்தைப் பற்றியே கேட்டதால், செல்பேசியில் பார்த்த காணொளிகளை நம்பி, தினமும் காலையில் எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து 20 நிமிடம் பூசிக் கழுவிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறார். காலை டிபனை நிறுத்திவிட்டு, கேரட்டும் பீட்ரூட்டும் அடித்து வடிகட்டிய சாறு இரண்டு டம்ளர், சில நாள் சுரைக்காய்ச் சாறு என்று இரண்டு மாதமாகக் குடிக்கிறார். பீட்ரூட்டிலேயே இரத்தம் ஊறிவிடும் என்று எண்ணி, மலச்சிக்கல் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்று வாரத்திற்கு முன் முகம் சிவந்து எரிந்து, பிறகு அந்த இடங்கள் முன்பைவிடக் கருத்துவிட்டன. கழுத்தில் கோடு போல ஒரு கறையும் விழுந்திருக்கிறது. உள்ளங்கை மஞ்சளாகியிருப்பதைக் கண்ட கணவர், மஞ்சள் காமாலை என்று பயந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார். மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிய ஒரு முகப்பூச்சும் பிரிக்கப்படாமல் வீட்டில் இருக்கிறது. பழங்களும் காய்களும் எனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பூச்சைப் பயன்படுத்தலாமா, மாநிறமாக உள்ள என் பெண் குழந்தைக்கு ஆரஞ்சுத்தோல் பொடி தேய்த்துக் குளிப்பாட்டலாமா என்பவை இவருடைய மூன்று கேள்விகள்.

அன்புச் சகோதரி,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "என் முகத்தை நானே கெடுத்துக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நீங்கள் விவரித்திருப்பவற்றில் நிரந்தரமாகக் கெட்டுப்போனதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழமும் காயும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் இல்லை. உண்ண வேண்டியதைப் பூசியதும், மென்று தின்ன வேண்டியதை வடிகட்டிக் குடித்ததும், சாப்பாட்டோடு சேர வேண்டியதைச் சாப்பாட்டுக்கு மாற்றாக வைத்ததுமே இத்தனைக்கும் காரணம். புதுச்சேரியில் தோல் நல மருத்துவராக இருக்கும் என்னிடம் ஒவ்வொரு கோடையிலும் இதே கதையோடு பலர் வருகிறார்கள். ஆகவே கூச்சப்படாமல் படியுங்கள்.

எலுமிச்சையும் வெயிலும்

நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே மெல்லிய அமிலத்தன்மை உடையது. அமிலத்தை அளக்கும் அளவுகோலில் அது ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்கும். இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது என்பதால், தோல் தாங்கப் பழகியதைவிடப் பல நூறு மடங்கு கூடுதலான அமிலத்தை நீங்கள் தினமும் 20 நிமிடம் முகத்தில் வைத்திருந்தீர்கள். தேன் சேர்த்ததால் அதன் கடுமை பெரிதாகக் குறைந்துவிடாது.

அமிலத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரானோகூமரின் என்னும் பொருள்கள் உள்ளன. இவை தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பட்டால், தீப்புண்ணுக்கு நிகரான அழற்சி உண்டாகும். பட்ட உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்தே சிவப்பும் எரிச்சலும், சிலருக்குக் கொப்புளமும் வரும். அது ஆறிய இடத்தில் பழுப்புக் கறை தங்கி, சில வாரம் முதல் சில மாதம் வரை இருந்து, மெல்லக் கரையும். உங்கள் கழுத்தில் விழுந்திருக்கும் கோடு, சாறு வடிந்த தடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழம் பிழியும் கையின் விரலிடுக்கிலும் அப்படிக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது ஒவ்வாமை அன்று, உங்கள் உடம்பின் குறையும் அன்று. எலுமிச்சையும் வெயிலும் போதிய அளவு சேர்ந்தால் யாருக்கும் நேரக்கூடியது.

உங்கள் பயணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்குக் காலையில் கிழக்கு நோக்கி வருகிறீர்கள். மாலையில் மேற்கு நோக்கித் திரும்புகிறீர்கள். போகும்போதும் வரும்போதும் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே நிற்கிறது. மங்குக்கு வெயிலைப் போல எரியூட்டுவது வேறில்லை என்பதால், எலுமிச்சையே பூசாமல் இருந்திருந்தாலும் இந்தப் பாதை ஒன்றே அதை வளர்த்திருக்கும்.

இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையை உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் கண்டேன். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு, விரல் நுனி கருத்து, தோல் உரிந்து புண்ணாகியிருக்கும். அந்த எண்ணெயும் மரத்தில் விளைந்ததுதான். உங்கள் ஊர்க் கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலத்தை மருத்துவர்களாகிய நாங்களே மங்குக்குப் பயன்படுத்துகிறோம். ஆனால் அளந்த வீரியத்தில், அளந்த நிமிடங்களுக்கு, வெயில் காப்போடு பயன்படுத்துகிறோம். ஒரு பழத்தில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று நாக்கால் ஓரளவு அறியலாம். முகத்தோலுக்கு அந்த வசதி இல்லை.

எலுமிச்சையின் பெருமை அதை உண்பதால் வந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்டு ஈறு வீங்கித் துவண்டு கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் புரதம் உருவாக வைட்டமின் சி தேவை. அது இல்லாததால்தான் அவர்களுடைய ஈறும் தோலும் சிதைந்தன. அந்தக் கொலாஜன் இருப்பது தோலின் அடியடுக்கில். அங்கே வைட்டமின் சி போய்ச் சேர்வது இரத்தத்தின் வழியாக. மேலே பூசிய சாறு அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை. தாய்ப்பால் தரும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 115 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்று நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை சொல்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பான்பரி மார்க்கெட்டில் வாங்கும் நடுத்தரக் கொய்யா ஒன்றைக் கடித்துத் தின்றால் அன்றைய தேவை தீர்ந்துவிடும்.

எரிந்த தோல் ஆறிய பிறகு வெள்ளரித் துண்டு, கற்றாழைச் சோறு, பயத்தமாவு போன்றவற்றை நான் தடுக்க மாட்டேன். வெள்ளரியில் ஏறக்குறைய 95 விழுக்காடு நீர். கண்மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவே.

உள்ளங்கை மஞ்சள்

இதைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது, மருந்துதான் தேவைப்பட்டிருக்காது. கேரட், பப்பாளி, பரங்கிக்காய் ஆகியவற்றுக்கு நிறம் தரும் கரோட்டீன், அளவு மிஞ்சும்போது உள்ளங்கையிலும் பாதத்திலும் மூக்கோரத்திலும் படிந்து மஞ்சளாகக் காட்டும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். காமாலையில் அது மஞ்சளாகும். சிறுநீரும் அடர்மஞ்சளாகப் போகும். கரோட்டீனால் வந்ததென்றால் கண் வெள்ளையாகவே இருக்கும். பீட்ரூட் குடிப்பவர்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போவதும் உண்டு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாற்றை நிறுத்தினால் சில வாரங்களில் கை பழைய நிறத்துக்குத் திரும்பும். கண்ணிலும் மஞ்சள் தெரிந்தால் மட்டும், வீட்டு மருந்தில் நாளைக் கடத்தாமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் கரோட்டீன் எளிதில் தேங்கும் என்பதால், நான் கீழே சொல்லும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுரைக்காய்ச் சாற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சில சுரைக்காய்களில் கசப்புப் பொருள் மிகுந்து நஞ்சாகிவிடுகிறது. கசந்த சாற்றை மருந்தென்று எண்ணிக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதை ஆராய்ந்து எச்சரித்திருக்கிறது. கூட்டு வைக்கும்போது நறுக்கிய துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய வழக்கம் அருமையான பாதுகாப்பு. கசந்தால் முழுக்காயையும் குப்பையில் போடுங்கள்.

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஆகாது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது முகம் அன்று, நிறுத்திய மாத்திரை. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடவும் குறைவு. அவற்றின் சிவப்பு வேறு நிறமிகளால் வருவது. நல்ல காய், நல்ல பழம், உண்ணுங்கள். மாத்திரைக்கு மாற்றாக அவற்றை நம்ப வேண்டாம். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டு பிரசவம் கண்டு, பால் கொடுத்துக்கொண்டு, காலையில் வடிகட்டிய சாறு மட்டும் குடிக்கும் ஒருவர் அந்தப் பாதியில் இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பிரசவத்திற்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டத் தொடங்குவது இயல்பு. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் பத்தாம் மாதத்திலும் குறையவில்லை என்றால், உடலில் இரும்பின் கையிருப்பு, தைராய்டு, உண்ணும் புரதத்தின் அளவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்பின் கையிருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. கறுத்துப்போன மலத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். மாத்திரையின் இரும்பு அப்படித்தான் வெளியேறும். மலச்சிக்கலுக்குக் கொட்டையோடு தின்னும் கொய்யாவும் கீரையும் போதிய தண்ணீரும் நன்றாக உதவும். பிரசவத்திற்குப் பின் 180 நாளுக்கு இந்த மாத்திரை அரசின் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டியது. நீங்கள் பாதியில் விட்டதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சோதனை முடிவைப் பொறுத்து இப்போது எவ்வளவு, எத்தனை நாள் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முடிவு செய்வார்.

எலுமிச்சையை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். முருங்கைக்கீரையிலும் அரைக்கீரையிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை; வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். கீரையை இறக்கி, சற்று ஆறிய பின், அரை மூடி பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் வைட்டமின் வீணாகும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். அசைவம் உண்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஈரலும் மீனும் தரும் இரும்பு, கீரை தருவதைவிட எளிதில் உடம்பில் ஒட்டும். இவற்றில் புரதமும் உண்டு; முடி என்பதே புரதம்தான்.

மாமியார் சொன்ன இரண்டு சொற்கள்

கொய்யாவும் ஆரஞ்சும் தின்றால் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று உங்கள் மாமியார் சொல்வதை ஏற்க முடியவில்லை. சளி கிருமியால் வருகிறது. தாய் தின்ற பழம் பாலின் வழியே சளியாக மாறுவதில்லை. ஆனால் "சாற்றை விட்டுவிட்டுச் சோற்றோடு கீரையைத் தின்னு" என்று அவர் சொன்னதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும்; நீங்களோ ஒரு வேளை உணவையே எடுத்துவிட்டீர்கள். வடிகட்டும்போது நார் சக்கையோடு போய்விடுகிறது. மிஞ்சும் இனிப்பு விரைந்து இரத்தத்தில் ஏறி, விரைந்து இறங்கி, 11 மணிக்குத் தலைசுற்றலைத் தருகிறது. நீங்கள் எழுதிய அலுவலகச் சோர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உணவு உண்பவர் நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. காய்கறியின் பங்கு பழத்தைவிட நான்கு மடங்கு என்பதைக் கவனியுங்கள். இதற்கு விலையுயர்ந்த பழம் எதுவும் தேவையில்லை. காலை இட்லியோடு காய் போட்ட சாம்பார், மதியம் ஒரு கீரை, ஒரு பொரியல், மாலையில் கொய்யாவோ பப்பாளிக் கீற்றோ, இரவு ஒரு கூட்டு என்று வைத்தால் கணக்கு நிறைந்துவிடும். கேரட்டைச் சாறாக்காமல், எண்ணெய் விட்டுத் தாளித்துப் பொரியலாகச் செய்யுங்கள். கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உட்கிரகிக்கப்படும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீனும் அப்படியே. எண்ணெயில் வதங்கிய தொக்கில் உள்ளது பச்சைத் தக்காளியில் உள்ளதைவிட எளிதில் உடலில் சேரும். லைகோபீன் வெயிலால் தோல் சிவப்பதைச் சிறிதளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் குடையின் வேலையைத் தக்காளி செய்யாது. பண்ருட்டிப் பலாச்சுளை பருவத்தில் நாலைந்து தின்னலாம். சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால் அளவைக் கேட்டே சொல்லியிருப்பேன், உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மங்குக்குச் செய்ய வேண்டியவை

கர்ப்பத்தில் வந்த மங்கு சிலருக்குத் தானே மங்கிவிடும்; சிலருக்குத் தங்கிவிடும். எரிந்த தோல் ஆற வேண்டும் என்பதால் இரண்டு மாதத்திற்கு முகத்தில் எந்தச் சாறும், எந்தப் பொடியும், எந்தத் தேய்ப்பும் வேண்டாம். மென்மையான சோப்பு, மணமில்லாத ஈரப்பதப் பூச்சு, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஆகியவை போதும். ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பானது. தோல் நிறச் சாயலோடு வருவதில் இரும்பு ஆக்சைடு இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியால் மங்கு கூடுவதையும் அது தடுக்கும். காலை கிளம்புவதற்கு முன் ஒருமுறை, மாலை அலுவலகத்தை விட்டு இறங்குவதற்கு முன் ஒருமுறை பூசுங்கள். முகம் மூடிய ஹெல்மெட்டும், கழுத்தை மறைக்கும் பருத்தித் துப்பட்டாவும் கட்டாயம்.

மருந்துக் கடையில் வாங்கிய பூச்சைப் பிரிக்காமல் தோல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். நீங்கள் எழுதி அனுப்பிய உட்பொருள்களில் ஒரு ஸ்டீராய்டும், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனும் இருக்கின்றன. அத்தகைய பூச்சை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது முறையன்று. தானாகப் பூசினால் முதல் மாதம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்த முயன்றால் எரியும். அப்படி வந்து என் எதிரே அழுத பெண்கள் பலர். கறை இரண்டு மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால், பால் கொடுக்கும் காலத்திலும் பயன்படுத்தக்கூடிய அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சுகள் இருக்கின்றன. அவற்றை நேரில் பார்த்துத்தான் தர முடியும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, இங்கே ஜிப்மரின் தோல் பிரிவிலோ காட்டலாம்.

குழந்தையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆரஞ்சுத்தோல் பொடி வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். பத்து மாதக் குழந்தையின் தோல் பெரியவர்களுடையதைவிட மெலிந்தது; சொரசொரப்பான பொடி அதைக் கீறும், பழத்தோலின் எண்ணெய் அதை எரிக்கும். அவளுடைய மாநிறம் உங்களிடமிருந்தும் உங்கள் கணவரிடமிருந்தும் வந்தது. அந்த நிறமியே கடலூர் வெயிலில் அவளைக் காக்கப்போகிறது. எந்தப் பழமும் அதை மாற்றாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. பழத்தை அவள் வாயில் கொடுங்கள். பழுத்த பப்பாளியைக் கரண்டியால் மசித்தும், வாழைப்பழத்தைப் பிசைந்தும், கொட்டை நீக்கிய கொய்யாவை வேகவைத்துக் கடைந்தும் கொடுக்கலாம். வெந்த பரங்கிக்காயை நெய்விட்ட பருப்புச் சோற்றில் பிசைந்து ஊட்டலாம். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தேன் மட்டும் ஒரு வயது நிறையும் வரை நாக்கில்கூடத் தொட்டுவைக்க வேண்டாம்.